கார்த்திகை பொறித்த கார்

தமிழர் கார்த்திகை என்று காட்டும் மீன்கூட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சுபாரு. கண்ணுக்கு ஆறாகத் தெரிவதால் பழந்தமிழில் அதை அறுமீன் என்றும் சொன்னார்கள். ஜப்பானியச் சொல் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒன்றுகூடி இருப்பதைச் சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனைப் பணிப்பெண் செய் ஷோனகோன், தன் குறிப்பேட்டில் தனக்குப் பிடித்த விண்மீன்களை வரிசைப்படுத்தியபோது முதலில் எழுதியதும் இந்தப் பெயரைத்தான். அதே பெயர் கொண்ட கார்களின் முகப்பில், நீல நீள்வட்டத்துக்குள் ஒரு பெரிய விண்மீனும் ஐந்து சிறிய விண்மீன்களும் இருக்கும். பெரியது தாய் நிறுவனமான ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். சிறியவை அதில் வந்து கலந்த ஐந்து நிறுவனங்கள்.

இந்தக் குடும்பத்தின் தொழில் முதலில் கார் அல்ல, விமானம். 1917-இல் கடற்படைப் பொறியாளர் சிகுஹேய் நகாஜிமா பதவியை விட்டு விலகி, தன் ஊர்ப்பக்கமான குன்மா மாகாணத்து ஓட்டாவில் விமான ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து நகாஜிமா விமான நிறுவனமாகி, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானின் மிகப் பெரிய விமானத் தயாரிப்பாளர்களில் ஒன்றானது. ஹயபுசா போர் விமானம் அதன் சொந்தப் படைப்பு. மிட்சுபிஷி வடிவமைத்த புகழ்பெற்ற ஜீரோ விமானங்களில் பாதிக்கு மேல் உரிமம் பெற்று நகாஜிமா தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. 1945-இல் அமெரிக்கக் குண்டுவீச்சு ஓட்டாவை நொறுக்கியது. போர் முடிந்ததும் விமானம் செய்யவே கூடாது என்று தடை வந்தது.

கையில் மிஞ்சியவை கைதேர்ந்த தொழிலாளர்களும் உதிரிப் பாகங்களும்தான். 1946-இல் ராபிட் என்ற ஸ்கூட்டர் பிறந்தது. அதன் முதல் மாதிரிக்குக் கிங்கா குண்டுவீச்சு விமானத்தின் வால்சக்கர டயர்களை மாட்டினார்கள். ஒரு நாடு போரிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்த கதைக்கு இதைவிடச் சிறிய, தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் பழைய நிறுவனத்தை 12 துண்டுகளாக உடைத்தது. அவற்றில் ஐந்து மீண்டும் கைகோத்து 1953-இல் உருவானதே ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். அடுத்த ஆண்டு 1500 சிசி கார் ஒன்றைச் சோதனைக்காக 20 வண்டிகள் மட்டும் செய்து பார்த்தார்கள். பெயர் சொல்லும்படி நிறுவனத் தலைவர் கென்ஜி கீத்தா ஊழியர்களைக் கேட்டார். வந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் மனத்தில் வைத்திருந்த சுபாரு என்ற பெயரைத் தானே சூட்டினார். பணம் போதாமல் அந்த வண்டி சந்தைக்கு வரவில்லை. பெயர் மட்டும் நின்றது.

சந்தைக்கு வந்தது 1958-இன் சுபாரு 360. அன்றைய ஜப்பானியச் சட்டம் குட்டிக் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்தது, ஆனால் எஞ்சின் 360 சிசியைத் தாண்டக் கூடாது. அந்தச் சின்ன எஞ்சினைக் கொண்டு நான்கு பெரியவர்களைச் சுமக்க வேண்டும் என்றால் வண்டி இறகுபோல இருக்க வேண்டும். நகாஜிமாவில் விமானப் பணி பார்த்த ஷின்ரோகு மொமோசே தலைமையில் பொறியாளர்கள் விமானப் புத்தியையே காட்டினார்கள். தனிச் சட்டகம் கிடையாது, தகட்டு உடலே பாரம் தாங்கும்; கூரை கண்ணாடியிழை; சக்கரம் 10 அங்குலம். அந்த அளவில் டயரே இல்லாததால் பிரிட்ஜ்ஸ்டோன் புதிதாகச் செய்து தந்தது. மொத்த எடை 385 கிலோ. நான்கு பேரை ஏற்றி அகாகி மலைச் சாலையில் விட்டுப் பார்த்த பிறகுதான் தயாரிப்பாளர்களுக்கு நம்பிக்கை வந்தது. உருண்டு திரண்ட அந்த வண்டியை ஜப்பானியர் பொறிவண்டு என்று செல்லமாக அழைத்தார்கள். 12 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தயாரிப்பில் 3,90,000-க்கும் கூடுதலான வண்டிகள் வெளிவந்தன.

ஜப்பானில் செல்லமான அதே பொறிவண்டு அமெரிக்காவில் அவமானப்பட்டது. மால்கம் பிரிக்ளின் என்ற வணிகர் 1968-இல் அதை 1,297 டாலர் விலையில் இறக்கினார். எடை 1,000 பவுண்டுக்குக் கீழ் இருந்ததால் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் அதைக் கட்டுப்படுத்தவில்லை. ‘மலிவு, அவலட்சணம், ஆனாலும் வேலை நடக்கும்’ என்ற தொனியில் விளம்பரமும் செய்தார். 1969-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அதைச் சோதித்து, ஏற்கத் தகாதது என்று ஒரே போடாகப் போட்டது. அதோடு விற்பனை படுத்துவிட்டது. இந்த இதழின் பெயரை மறந்துவிடக் கூடாது.

நிறுவனத்தைக் காப்பாற்றியது வேறொரு வண்டியின் வயிற்றில் இருந்தது. 1966-இல் வந்த சுபாரு 1000-இல்தான் நிறுவனத்தின் முதல் பாக்ஸர் எஞ்சின் வந்தது. சாதாரணக் கார் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து வரிசையாக நிற்கும். பாக்ஸரில் அவை இடமும் வலமுமாகப் படுத்துக் கிடக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே வரும். குத்துச்சண்டைக்காரர் இருவர் கையுறையை மோதிக்கொள்வதுபோல. ஒன்றின் அதிர்வை மற்றது அடித்துவிடுவதால் நடுக்கம் குறைவு. எடை தரையை ஒட்டி இருப்பதால் வளைவில் வண்டி அதிகம் சாயாது. இன்று இதைப் பெருமளவில் செய்வோர் சுபாருவும் போர்ஷேயும்தான். மெக்கானிக்கைக் கேட்டால் வேறு கதை வரும். ஸ்பார்க் பிளக் பக்கவாட்டுத் தகட்டை ஒட்டி ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற கையை எங்கே நுழைப்பது என்று தேட வேண்டும். ஹெட் இரண்டு, அதனால் கேஸ்கட்டும் இரண்டு.

இந்த அமைப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து ஒரு ஷாஃப்டைப் பின்னால் நீட்டினால் பின் சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். இந்த வசதியை நிறுவனம் தானாகத் தேடிப் போகவில்லை. வடகிழக்கு ஜப்பானின் தொஹோகு மின்சார நிறுவனம், பனி மூடிய மலைகளில் மின்கம்பி பார்க்கப் போகும் தன் ஆட்களுக்கு வண்டி தேடியது. ஜீப் ஏறும், ஆனால் உள்ளே குளிர் கொல்லும். சாதாரணக் காரின் சுகமும் ஜீப்பின் பிடிப்பும் ஒன்றாக வேண்டும் என்று கேட்டார்கள். மியாகி மாகாண டீலர் ஒரு வண்டியைப் பிரித்து மாற்றிக் காட்டினார். பிறகு தொழிற்சாலை அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. 1972-இல் லியோனி எஸ்டேட் வேன் ஃபோர் வீல் டிரைவோடு விற்பனைக்கு வந்தது. ஒரு லைன்மேனின் விறைத்த கால்களிலிருந்து இந்த நிறுவனத்தின் தலையெழுத்து தொடங்கியது என்றால் மிகையில்லை.

அமெரிக்காவில் வெர்மான்ட், கொலராடோ போன்ற பனி மாநிலங்களில் அந்த வண்டி மெல்ல வேரூன்றியது. 1980-களின் நடுவில் நன்றாக விற்றது. யென் மதிப்பு ஏறியதும் விலையும் ஏறியது. மற்ற ஜப்பானியக் கார்களைப் போல எல்லோருக்கும் விற்க முயன்று அடிவாங்கியது. 1990-களில் விற்பனையாளர்கள் நிதானமாக உட்கார்ந்து, யார்தான் நம் வண்டியை வாங்குகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஐந்து கூட்டங்கள் தெரிந்தன: ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், கணினித் துறையினர், மலையும் காடும் சுற்றுபவர்கள், தற்பாலீர்ப்புப் பெண்கள். கடைசிக் கூட்டத்தை நோக்கி அன்று வெளிப்படையாக விளம்பரம் செய்யப் பெரிய நிறுவனங்கள் அஞ்சின. சுபாரு செய்தது. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவா அதன் விளம்பரங்களில் வந்தார். புறக்கணிப்போம் என்ற மிரட்டல்கள் வந்தபோதும் பின்வாங்கவில்லை. அமெரிக்கச் சந்தையில் எல்லாக் கார்களையும் ஆல் வீல் டிரைவ் ஆக்கிவிடுவது என்று முடிவெடுத்ததும் அந்தக் காலத்தில்தான். அவுட்பேக், ஃபாரஸ்டர் இரண்டும் அப்போது பிறந்தவை.

ராலிப் பந்தயக் கதை தனி நூலுக்கு உரியது. நீல உடலும் பொன்னிறச் சக்கரமும் கொண்ட இம்ப்ரெசாவில் காலின் மெக்ரே 1995-இல் உலகப் பட்டம் வென்றார். 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பர்க். 2008 முடிவில் செலவு தாங்காமல் நிறுவனம் பந்தயத்தை விட்டு விலகியது.

அதே 2008-இல் அமெரிக்காவில் ‘அன்பு’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு புது விளம்பரம் தொடங்கியது. குதிரைத்திறன், விலை எதுவும் பேசாமல், வண்டியில் ஏறும் நாயையும் ஓட்டக் கற்கும் மகளையும் காட்டினார்கள். பொருளாதாரம் சரிந்து பெரும்பாலான நிறுவனங்களின் விற்பனை விழுந்த 2009-இல் சுபாரு முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக, 2,16,000-க்கு மேல் விற்றது. 2019-இல் அது ஏழு லட்சத்தைத் தொட்டது. உரிமையாளர்களுக்கு வண்டியில் ஒட்டிக்கொள்ளச் சின்ன வில்லைகளும் இலவசமாக வரும். இதுவரை எத்தனை சுபாரு வைத்திருந்தார் என்ற எண் ஒன்றில். நாய், சைக்கிள், கூடாரம் என்று அவரவர் பொழுதுபோக்கின் படம் மற்றவற்றில். வண்டியின் பின்பக்கம் 5 என்று ஒட்டிக்கொண்டு போகிறவர் யாருக்கு எதை விளம்பரம் செய்கிறார் என்று யோசித்தால், நிறுவனத்தின் சாமர்த்தியம் புரியும்.

உரிமையாளர் மனநிறைவை அளக்க அமெரிக்காவில் பல கோல்கள் உண்டு. ஜே.டி. பவர் நிறுவனம், புதுக் கார் வாங்கிய முதல் 90 நாளில் 100 வண்டிக்கு எத்தனை குறைகள் என்று எண்ணும். மூன்று ஆண்டு கழித்து மறுபடி எண்ணும். வண்டி எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைத் தனியாகக் கேட்கும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கேட்பது எளிய கேள்வி: மறுபடி வாங்கச் சொன்னால் இதையே வாங்குவீர்களா? இந்தக் கோல்கள் எல்லாம் ஒரே விடையைத் தருவதில்லை. ஜே.டி. பவர் 2019-இல் முதன்முறை வெளியிட்ட பிராண்டு விசுவாச ஆய்வில், பழைய சுபாருவைக் கொடுத்தவர்களில் 61.5 விழுக்காட்டினர் புதிய சுபாருவையே எடுத்திருந்தார்கள். டொயோட்டாவையும் தாண்டிய எண் இது. ஆனால் மூன்றாண்டுக் குறைக் கணக்கில் பல ஆண்டுகள் சுபாரு சராசரிக்குக் கீழேயே இருந்திருக்கிறது. பழுது இல்லாமை வேறு, மனநிறைவு வேறு.

பழுதுகளின் பட்டியல் சின்னதல்ல. 1990-களின் பின்பாதியில் வந்த 2.5 லிட்டர் பாக்ஸர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கட் கசிவது ஊரறிந்த நோய். நிறுவனம் கூலன்ட்டில் கலக்க ஒரு கலவையைக் கொடுத்து, வாரன்டியை நீட்டிச் சமாளித்தது. பின்னர் வந்த சில எஞ்சின்கள் ஆயில் குடிக்கின்றன என்று வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. எல்லாவற்றிலும் விசித்திரமானது 2019-இல் உலகெங்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்த விவகாரம். துணி மென்மையாக்கி, பாலிஷ், அழகுசாதனம் இவற்றிலிருந்து கிளம்பும் சிலிக்கோன் ஆவி பிரேக் விளக்கின் சுவிட்சுக்குள் புகுந்து படிந்துவிடுமாம். பிரேக்கை மிதித்தாலும் விளக்கு எரியாது. இத்தனைக்குப் பிறகும் உரிமையாளர்கள் விலகவில்லை என்றால் காரணம், அந்த வண்டி எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையில் கைவிடவில்லை என்பதே. ஜனவரி காலையில், உப்புத் தூவாத சரிவுச் சாலையில், பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நிற்கும்போது மருத்துவமனைப் பணிக்குக் கிளம்பிப் போய்விட்ட ஒரு செவிலியர், கேஸ்கட் செலவை மன்னித்துவிடுகிறார். 1969-இல் ஏற்கத் தகாதது என்ற அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், 2024 டிசம்பரில் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் சுபாருவை முதலிடத்தில் வைத்தது. அந்த இடம் அதற்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

சொந்த நாட்டில் தலைகுனிவும் உண்டு. 2017 ஏப்ரலில் நிறுவனம் தன் பெயரையே சுபாரு கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், தகுதிச் சான்று பெறாத ஊழியர்களே முப்பது ஆண்டுகளாக இறுதிச் சோதனையில் கையெழுத்திட்டு வந்ததை ஒப்புக்கொண்டது. பங்குகளும் கை மாறின. ஜெனரல் மோட்டார்ஸ் 20 விழுக்காடு வைத்திருந்த நாட்களில் ஃபாரஸ்டர் இந்தியாவுக்குச் செவர்லே பெயரில் வந்துபோனது. 2005-இல் அமெரிக்கர்கள் விற்றார்கள். அதில் ஒரு பகுதியை வாங்கிய டொயோட்டா இன்று ஐந்தில் ஒரு பங்குக்கு உரிமையாளர். மின்கார் சொல்டெரா டொயோட்டாவோடு சேர்ந்து செய்தது.

ஜப்பானில் பழைய உரிமையாளர்கள் உருகுவது அமெரிக்கர் கொண்டாடும் வண்டிக்கு அல்ல, 1961-இல் பிறந்த சம்பார் என்ற குட்டிச் சரக்கு வண்டிக்கு. எஞ்சின் பின்னால், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் வயல்பாதைப் போர்ஷே என்று பட்டப்பெயர். முட்டைத் தட்டை உடையாமல் கொண்டுபோகும் என்று உழவர்கள் நம்பினார்கள். அகாபோ என்ற சரக்குக் கூட்டுறவுக்காகத் தனியாகப் பதப்படுத்திய எஞ்சினோடு ஒரு வகையே தயாரானது. 50-ஆவது ஆண்டுக்காக 2011-இல் ராலி நீலத்தில் 1,000 வண்டிகள் வந்தன. 2012 பிப்ரவரியில் கடைசிச் சம்பார் ஓட்டாவிலிருந்து வெளியேறியது. பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது, டைஹட்சு செய்து தரும் ஹைஜெட் வண்டியின் மேல்; அதன் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே.