மறுபத்தியம் எங்கே?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் சூலியா தெரு தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முசுலிம் வணிகரைச் சூலியர் என்றனர் அக்காலத்தவர். அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா அத்தெருவிலேயே உள்ளது. 1801இல் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதற்கு அண்மையில் உள்ளது. வணிகர் வாழ்ந்த கடைவீடுகளிற் பல இன்று பயணியர் தங்கும் மலிவு விடுதிகளாகிவிட்டன. 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமை நகராக ஏற்றது. அதன் பின்னர் விடுதிகளின் எண்ணிக்கை மேலும் பெருகியது. ஆயினும் இவ்விருந்தினர் புதியவர் அல்லர். காபூல், காட்மாண்டு வழியாகத் தென்கிழக்காசியா வந்த மேனாட்டு இளைஞர்கள் 1970களிலேயே இத்தெருவில் மூட்டையை இறக்கினர். தாய்லாந்து செல்வதற்கு விசா எழுதி வாங்கும் வரை இங்கேயே கிடந்தனர்.

அவர்களோடு ஒரு நம்பிக்கையும் வந்து இறங்கிற்று. ஓர் இலையை மென்றால், ஒரு காளானைத் தின்றால், ஓர் இரவில் உண்மை விளங்கிவிடும் என்பதே அந்நம்பிக்கை. அன்று அழுக்குச் சட்டையோடு வந்த அது, இன்று வெளுத்த ஆடை உடுத்தித் ‘தாவர மருந்து’ என்னும் பெயரோடு வந்திருக்கிறது. பெரு நாட்டின் அயவாஸ்கா, தாய்லாந்துத் தீவுகளின் காளான், கொடைக்கானல் மலைக்காளான் என்று விடுதித் திண்ணைகளில் பேச்சு நடக்கிறது. அவ்விடுதிகளில் பகுதி நேர வேலை பார்க்கும் தமிழ் மாணவர்கள் அதைக் கேட்காமலா இருப்பர்?

மருந்து என்கிறார்களே, அச்சொல்லை மட்டும் முதலில் எடுத்து ஆராய்வோர்க்கு இவ்வாணிகத்தின் பொய் உடனே வெளிப்படும். சித்த மருத்துவம் மருந்தைத் தனியே கொடுப்பதில்லை. எதனோடு உண்பது என்று அனுபானம் வகுத்தது. மருந்து உண்ணும் நாள்களில் எதை விலக்குவது என்று பத்தியம் வகுத்தது. அதனோடும் அது நின்றுவிடவில்லை. மருந்து முடிந்த பின்னரும் சில நாள் உணவையும் ஒழுக்கத்தையும் கட்டிக் காத்து, சிறுகச் சிறுக அன்றாட வாழ்வுக்கு மீளும் முறைக்கு மறுபத்தியம் என்று பெயரிட்டது. நஞ்சும் மருந்தாகும் இடத்தில் இக்காவல் எல்லாம் தேவை என்பதை அம்மருத்துவர் அறிந்திருந்தனர். இன்றைய ‘தாவர மருந்து’ வணிகரிடம் அனுபானம் இருக்கலாம். பழச்சாற்றில் கலந்து தருவாரும் உளர். மறுபத்தியம் எங்கே? இரவு முழுதும் இறந்த தாயைக் கண்டு அழுத ஒருவன், மறுநாள் நண்பகலுக்குள் விடுதி அறையைக் காலி செய்தாக வேண்டும். அவனுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பார் யார்?

இச்செடிகளும் காளான்களும் தம் சொந்த மண்ணில் இவ்வாறு வழங்கப்படவில்லை. மெக்சிகோவின் மலையூரான வாவுத்லாவில் மரியா சபீனா என்னும் மூதாட்டி வாழ்ந்தார். நோயுற்றார்க்காக இரவில் அமர்ந்து, காளான் உண்டு, பாடி, நோயின் காரணம் தேடுவது அவர் மரபு. முன்னும் பின்னும் நோன்பு உண்டு. நோயாளி அதே ஊரார். விடிந்தால் அதே கிணற்றடியில் அம்மூதாட்டியைக் காண்பவர். 1955இல் கோர்டன் வாசன் என்னும் அமெரிக்க வங்கியாளர் அச்சடங்கிற் கலந்துகொண்டு, 1957இல் ‘லைஃப்’ இதழில் அதனை வெளியிட்டார். பின்னர் நோயே இல்லாத அயலார் கூட்டங்கூட்டமாகச் சென்று காளான் கேட்டனர். ஊரார் சினம் கிழவியின் மீது பாய்ந்தது; அவர் வீடு தீக்கிரையாயிற்று. அயலார் வந்த பின் காளான் தன் ஆற்றலை இழந்துவிட்டது என்று அவர் முதுமையில் வருந்தினார். செடியைக் கொண்டுபோனவர்கள் அதனைச் சூழ்ந்திருந்த ஊரைக் கொண்டுபோகவில்லை.

அறிவியலார் இதனை உணர்ந்திருக்கின்றனர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்டு கிரிஃபித்சும் அவர் குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காளானில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளை 36 பேர்க்கு அளித்து நடத்திய ஆய்வு அது. அவ்வனுபவம் தம் வாழ்வின் பொருள் நிறைந்த ஐந்து நிகழ்வுகளுள் ஒன்று என இரண்டு மாதங்களுக்குப் பின் மூன்றில் இரு பங்கினர் கூறினர். இச்செய்தியைத் தாவர மருந்தின் பரப்புரையாளர் ஓயாமல் எடுத்துரைப்பர். அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் அச்சத்துக்கு ஆளாயினர் என்பதை அவர்கள் உரைப்பதில்லை. மருந்துக்கு முன் ஏறத்தாழ எட்டு மணி நேர உரையாடல் நடந்ததையும், மருந்து நாளில் கண்காணிப்பாளர் அருகிருந்து அகலாமையையும், பின்னரும் அழைத்து அமர்த்திக் கண்டவற்றைப் பேசித் தெளிவித்ததையும் உரைப்பதில்லை. மனச்சிதைவு நோய் குடும்பத்தில் இருந்தோரை இத்தகைய ஆய்வுகளிற் சேர்ப்பதே இல்லை. திண்ணையில் விற்பவன் வாங்குவோனின் குடும்ப வரலாற்றைக் கேட்டறிவானா? காவலின்றி உண்டு கொடிய அனுபவம் அடைந்த 1,993 பேரிடம் அதே பல்கலைக்கழகத்தார் கேட்டறிந்து 2016இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 11 பேர் தம்மையோ பிறரையோ உடலூறு நேரும் இடரில் தள்ளியதாக ஒப்புக்கொண்டனர். ஆஸ்திரேலியா 2023 சூலை முதல் நாள் தொட்டு, அரசு ஒப்புதல் பெற்ற மனநல மருத்துவர் மட்டும் சைலோசைபினைக் கடும் மனச்சோர்வுக்கு அளிக்க இடந்தந்துள்ளது. அங்கும் உளமருத்துவ உரையாடலோடு இணைத்தே அளிக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் மறுபத்தியம் தெரிந்திருக்கிறது.

தமிழர்க்கு இது புதிதன்று என்பதற்குச் சூலியா தெருவைக் குறுக்கிடும் பினாங்கு வீதியே சான்று. அங்குள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்துதான் தைப்பூச முன்னாளில் தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குச் செல்கிறது. மறுநாள் காவடி எடுப்போர் தன்னை மறந்த அருள்நிலையில் அலகு தாங்கி மலையேறுவர். கொலின் வார்டு என்னும் உளவியலாளர் மலேசியத் தைப்பூசத்தின் இந்நிலையை ஆராய்ந்து 1984இல் எழுதியுள்ளார். செடியும் காளானும் இன்றியே மனம் இவ்வளவு தொலைவு செல்கிறது என்பது வியப்பு. அதனினும் பெரிய வியப்பு, அது திரும்பி வரும் வழி. பல நாள் புலால் மறுத்து, தரையிற் படுத்து நோற்ற விரதம் முன்னே நிற்கிறது. குருவும் உறவினரும் இருபுறமும் நடக்கின்றனர். அலகு கழற்றித் திருநீறு பூசியவுடன் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. மூன்றாம் நாள் இடும்பன் பூசை செய்து, உற்றாரோடு அமர்ந்து உண்ட பின்னரே விரதம் நிறைவுறும். அதன் பின்தான் அவன் மீண்டும் லாரி ஓட்டுநன், எழுத்தர், மாணவன். கூட்டாளிகளின் கைதட்டலுக்காக விரதமின்றிக் காவடி தூக்கும் இளைஞரும் உளர் என்பது உண்மையே; அவர்கள் படும் பாட்டைத் தண்ணீர்மலைப் படிகளில் ஆண்டுதோறும் காணலாம்.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர். சித்தர்களே கஞ்சாவைப் போற்றினர், காயகற்பம் என்பது இதுவேதான் என்பர். வேதத்துச் சோமமும் ஒருவகைக் காளானே என அதே வாசன் 1968இல் நூல் எழுதவில்லையா என்றும் கேட்பர். வாசனின் கருத்து அறிஞரால் முடிவாக ஏற்கப்பட்டதன்று. சித்த மருந்துகள் சிலவற்றிற் கஞ்சா சேர்வது மெய். அது பத்தியத்தோடு சேர்வதும் மெய். பத்தியத்தை விட்டுவிட்டுக் கஞ்சாவை மட்டும் மரபு என்று எடுத்துக்கொள்வோர் தமிழ்ப் பற்றால் பேசவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியாளர் இதே தீவில் அபினியும் சாராயமும் விற்கும் உரிமையை ஏலம் விட்டுப் பொருள் சேர்த்தனர். 1910இல் அபினி வாணிகத்தை அரசே நேரில் ஏற்றுக்கொண்டது. அவர்களும் அதனைக் கூலிகளின் களைப்புக்கு மருந்து என்றே சொல்லிக்கொண்டனர்.

மறுசாரார் ஆசிரியருள்ளேயே இருக்கின்றனர். சட்டம் இருக்கிறது, அதுவே போதும் என்பது அவர்கள் நிலை. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் சைலோசைபினைத் தடை செய்கிறது. அதனை மாணவர்க்குத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஆயின் ஆண்டுக்கொரு முறை மாணவரை மண்டபத்தில் அமர்த்தித் தூக்குக்கயிற்றைக் காட்டுவதோடு கடமை முடிந்தது என எண்ணும் பள்ளிகள், ஏற்கெனவே தவறி வந்தவனை என் செய்யும்? வெளிநாட்டில் விடுமுறை கழித்து வந்த ஒருவன் உறக்கம் இழக்கிறான். கண்ட காட்சிகள் பகலிலும் தொடர்கின்றன. தேர்வு எழுத முடியவில்லை. உண்மையைச் சொன்னால் காவல் நிலையம், சொல்லாவிட்டால் மந்திரவாதி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நாற்காலி வேண்டும்.

அதனை இடுவதற்கு ஆசிரியர் உளமருத்துவர் ஆக வேண்டுவதில்லை. திட்டாமல் கேட்கலாம். பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பெற்றோரோடு தாமும் உடன் செல்லலாம். உறக்கமும் நேரத்துக்கு உணவும் கையால் செய்யும் சிறு வேலையும் முதலில் திரும்பட்டும் எனக் காத்திருக்கலாம். படிப்பை விடுகிறேன், வீட்டை விடுகிறேன் என்னும் பெரு முடிவுகளைச் சில திங்கள் தள்ளிப்போடச் செய்யலாம். கண்டதை எழுதித் தருமாறு கேட்கலாம். கட்டுரைப் பயிற்சி தமிழாசிரியருக்குத் தெரியாததா? அவ்வேட்டிற் பிழை திருத்த வேண்டா.