கல் அல்ல, உயிர்

தமிழ்ப்பள்ளியில் 'பவளப்பாறை' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது 'பத்து காராங்' ஆனது. (சிறுநீரகக் கல்லுக்கும் மலாயில் அதே பெயர்தான்!) இரு மொழியும் கல் என்றே சொன்னதாலோ என்னவோ, அண்ணன் வரவேற்பறையில் பவளத்தொட்டி வைத்தபோது அதை அலங்காரப் பொருளாகவே எண்ணினேன்.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகிறது. பாசி மிகுந்தால் பவளம் பழுப்பாகத் தெரியும். ஊதாவும் பச்சையும் வேண்டுமென்று, கடைக்காரர் சொற்படி அண்ணன் நீரிலுள்ள சத்தைக் குறைத்தார்; விளக்கைக் கூட்டினார். நிறம் வந்தது. நுனிகளும் வெளுக்கத் தொடங்கின. தீபாவளிக்குப் பாட்டி வீடு சென்ற மூன்று நாளில் குளிரூட்டி பழுதாகி, 26 பாகை நீர் 31 ஆனது. திரும்பி வந்தபோது கிளைப்பவளம் சதை உரிந்து வெறும் எலும்பாக நின்றது.

கடலிலும் இதுதான் நடக்கிறது. 2010இல் பவளங்கள் வெளுத்ததால் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. கடலுக்குக் குளிரூட்டி பொருத்த முடியுமா?

வளர்க்கவே கூடாது என்போர் கட்சியில் நான் இல்லை. ஆனால், கடலில் பெயர்த்தெடுத்ததை வாங்குவது தவறு. கல்பவள வாணிபத்தைச் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். வளர்ந்த பவளத்தில் ஒரு கிளையை நறுக்கிக் கல்லில் ஒட்டினாலே புதிதாக வளருமே! நண்பரிடம் கேட்டு வாங்கலாம்.

அண்ணன் மீண்டும் தொடங்கப் போகிறார். "இந்த முறை பழுப்பாகவே இருக்கட்டும், அண்ணா" என்றேன். முகம் சுளித்தார்.