இரண்டு கம்ப்யூட்டர், ஒரே பைல்கள்: சரியா?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், தொழில் செய்யும் இடத்தில் இன்னொன்று வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "ஒரு ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மற்றதில் காப்பி செய்துவிடலாமா?" சாப்ட்வேர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆனால் இரண்டிலும் ஒரே பைல்கள் இருப்பதையே பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

என் கம்ப்யூட்டர் செங்கல்பட்டு வீட்டில் இருக்கிறது. மைத்துனருடையது மாமல்லபுரத்தில், அவருடைய சிற்பக்கூடத்தை ஒட்டிய அறையில். கணக்கு எழுதுவது நான். சிலைகளின் போட்டோக்களும் அளவுப் படங்களும் அவர் பொறுப்பு.

டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கும் குளோனிங் வேலையை நான் செய்யவில்லை. கம்ப்யூட்டருடன் சேர்ந்து வரும் விண்டோஸ் லைசென்ஸ் அந்த ஒரு மெஷினுக்குத்தான். தவிர, என் பாஸ்வேர்டுகளும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 11-ல் விங்கெட் என்று ஒரு வசதி உண்டு. அதில் எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்தால், உங்களிடம் உள்ள சாப்ட்வேர்களில் அதற்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிட்டு ஒரு பைலாகத் தரும். அதை அடுத்த கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்தால் அவை வரிசையாக இன்ஸ்டால் ஆகும். பழைய தமிழ் எழுத்துருக்களை மட்டும் கையால் போட வேண்டியிருந்தது. யூனிகோடுக்கு முந்தைய கடிதங்கள், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும்.

பைல்களுக்கு சிங்க்திங் என்ற இலவச சாப்ட்வேர். இரண்டு கம்ப்யூட்டரும் இணையத்தில் இருக்கும்போது போல்டர்களைத் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டர் நனைந்து வீணானது. ஆனால் ஒரு பைல்கூடப் போகவில்லை, எல்லாம் என்னிடம் இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து, புதுக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அங்கே வேலை செய்யும் பையன் ஒரு பழைய போல்டரை அழித்துவிட்டான். சாப்ட்வேர் தன் கடமையைச் செய்தது, செங்கல்பட்டிலும் அழித்துவிட்டது! போட்டோக்களில் பாதி செல்போன்களிலிருந்து திரும்பக் கிடைத்தன. அளவுப் படங்கள் கிடைக்கவில்லை. மறுபடி அளந்துகொள்ளலாம் என்றால் சிலைகள் எப்போதோ ஊர் தாண்டிப் போய்விட்டன.

ஆகவே, சிங்க்திங்கை நிறுவிய அன்றே அதில் பைல் வெர்ஷனிங் வசதியை ஆன் செய்யுங்கள். நாமாகச் செய்யாவிட்டால் அது வேலை செய்யாது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆன் செய்ய வேண்டும், ஏனென்றால் அடுத்த முனையில் நடக்கும் அழிப்பிலிருந்துதான் அது காப்பாற்றும். மூன்றாவது பிரதியை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வையுங்கள். எங்களுடையது பீரோவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். கணக்கு பைலை நான் மட்டுமே திறப்பேன், படங்களை அவர் மட்டுமே தொடுவார் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

அளவுப் படங்களை மைத்துனர் இப்போது நோட்டிலும் வரைந்து வைத்துக்கொள்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.