சிவப்பு மைச் சுழியும் ஒரு சிறுவனின் கணக்கும்

ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் எவ்வளவு? ஒரு விவசாயக் கூலியின் மகன் நோட்டில் 26 என்று எழுதுகிறான். சரியான விடை 14.

ஆசிரியர் என்ன செய்வார்? சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, சுழியம் கொடுத்து, அடுத்த நோட்டை எடுக்கலாம். அல்லது அந்த 26 எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு! பையனுக்குக் கழிக்கத் தெரிகிறது. கடன் வாங்கத்தான் தெரியவில்லை. பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் விளங்கிவிடும்.

நாளைய பாடத்தை நிர்ணயிக்க இன்று குழந்தையை அறிவது வளரறி மதிப்பீடு. பருவ முடிவில் கற்றதைக் கணக்கெடுப்பது தொகுத்தறி மதிப்பீடு. இரண்டும் வேண்டும். பரீட்சையே கூடாது என்பதல்ல நமது வாதம். பரீட்சையைச் சல்லடையாக்கி ஏழைக் குழந்தைகளைச் சலித்துக் கொட்டுவதையே எதிர்க்கிறோம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. தொடர் மதிப்பீடு வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க்கு, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மார்க்கு என்று வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடந்தது என்ன?

அதே சட்டம், அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்புகளோ ஐந்து! ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் பதிவேடு எழுதும் ஆசிரியருக்குக் குச்சிக் கட்டை அவிழ்க்க நேரம் ஏது? நாற்பது மார்க்கு பதிவேட்டில் ஏறுகிறது. கடன் வாங்கத் தெரியாத பையன் அப்படியே மேல் வகுப்புக்கு ஏறுகிறான். செயல்பாடு என்ற பெயரில் சார்ட்டும் வண்ணக் காகிதமும் வாங்கி வரச் சொன்னாலோ, அது யாருடைய கூலியில் கை வைப்பது?

இதைக் கண்டு சிலர், “பெயிலாக்கினால்தான் படிப்பான்” என்று கிளம்பினார்கள். 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக சர்க்கார் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. எதிர்ப்பு மூண்டது, 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வாபஸ் பெறப்பட்டது. ஆனால் 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதிகளை மாற்றி, தன் பள்ளிகளில் இவ்விரு வகுப்புகளிலும் குழந்தைகளை நிறுத்திவைக்க வழி செய்துவிட்டது.

பெயிலான சிறுவனுக்குக் கிடைப்பது என்ன? அதே பாடம், அதே அறை, அதே நெரிசல், கூடவே அவமானம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பெயிலானால் டியூஷனுக்குப் போகும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பெயிலானால் செங்கல் சூளைக்குப் போகும். இதற்குப் பெயர் தரமா?

அதே சமயம், “பெயிலாக்காதே” என்று முழங்கிவிட்டு நாமும் வாளாவிருக்க முடியாது. பாஸ் என்பது ஒரு சீட்டு, படிப்பு அல்ல. தன் பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்தும் கூலிக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் நின்றால், ஏமாற்றப்பட்டது அந்தத் தாய்தான்.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது: வகுப்புக்கு ஓர் ஆசிரியரைப் போடு! பதிவேட்டுச் சுமையைக் குறை! செயல்பாட்டுக்கான பொருள்களைப் பள்ளியிலேயே இலவசமாகக் கொடு! பின் தங்கிய குழந்தைக்குத் தனியே சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கு!

இது ஆசிரியரின் கோரிக்கை மட்டுமல்ல, பெற்றோரின் கோரிக்கையும் ஆகும். இருவரும் சேர்ந்து நின்று கேட்டால், அந்த 26 சுழியத்தில் முடியாது. 14இல் போய் நிற்கும்.