துண்டு விழுந்த 75 சென்ட்

கணக்கில் சில்லறை இடித்தால் தள்ளுபடி எழுதி மூடிவிடும் வழக்கம் நம் வணிகர்களில் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1986 ஆகஸ்டில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும்.

அங்கே கம்ப்யூட்டரைப் பயன்படுத்த மணிக்கு 300 டாலர் கட்டணம். மாதக் கணக்கில் 75 சென்ட் குறைந்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞரிடம் அந்தக் கணக்கு வந்தது. யாரோ 9 வினாடி ஓட்டிவிட்டுப் பணம் கட்டவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். அது வெளியிலிருந்து புகுந்த திருடன்.

ஸ்டோல் உடனே கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரும் சுமார் 50 தொலைபேசி இணைப்புகளிலும் அச்சு இயந்திரங்களை மாட்டினார். திருடன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஓடும் சிறு நிரலின் இடத்தில் அவன் தன் நிரலை வைத்துச் சர்வ அதிகாரமும் பெற்றிருந்தான். சுமார் பத்து மாதம் தொடர்ந்ததில் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களில் எடுத்த தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் வெளிவந்தது. 1990இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அது யூனிக்ஸ் கம்ப்யூட்டர். அதே வழியில் வந்த லினக்ஸ்தான் இன்று நம்மில் பலருடைய ஆன்லைன் ஆர்டர்களையும் கணக்குகளையும் தாங்கும் சர்வர்களில் ஓடுகிறது. அதில் திருடன் புகுந்தால் நாம் என்ன செய்கிறோம்? சர்வீஸ்காரர் வந்து, "ஃபார்மேட் செய்துவிடலாம், அரை மணியில் கடை ஓடும்" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். இது தவறு என்பது என் கருத்து. பூட்டு உடைந்த கிட்டங்கியைப் போலீஸ் பார்க்குமுன் கழுவிவிடுவோமா? எந்த வழியாக வந்தான் என்று தெரியாவிட்டால் மறுவாரமும் அதே வழியில் வருவான்.

கடை நிற்கக் கூடாது என்பது நியாயமே. அதற்கும் வழி உண்டு. முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பழைய டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, புது டிஸ்கில் வேலையைத் தொடங்குங்கள். பழையதற்கு முழு நகல் எடுத்து, அந்த நகலில் ஆராயச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் யார் நுழைந்தார், புதுப் பயனர் பெயர் முளைத்திருக்கிறதா, குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளில் அந்நியமானது உண்டா, எந்தக் கோப்பு என்று மாறியது என்று நான்கையும் கேளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சர்வ அதிகாரம் பெற்ற திருடன் அந்த மெஷினிலுள்ள பதிவேட்டையே திருத்திவிடுவான். ஸ்டோலின் காகிதத்தை அவனால் அழிக்க முடியவில்லை. கல்லாச் சாவி இருப்பவர் கையிலேயே நாள்வழியையும் கொடுக்கலாகாது என்பது நம் முன்னோர் கண்ட முறைதானே? ஆகவே பதிவுகளின் நகல் வேறொரு கம்ப்யூட்டரில் சேர ஏற்பாடு செய்யுங்கள். நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டுமென்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் உத்தரவிட்டிருக்கிறது.

சர்வீஸ் ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனைகளையும் எழுதி வாங்கும்படி நம் சங்கம் உறுப்பினர்களுக்கு வழிகாட்ட வேண்டும். கடன் பாக்கியும் வரிக் கணக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட காலம் இது. அதைக் காப்பதும் வியாபாரத்தில் சேர்ந்ததே.