ஐஸ் ஹொக்கி கதையும் நம்ம வீட்டுப் புள்ளைகளும்



ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. நம்ம பெண்புள்ளைகள் போனில் "கெட்ட இங்கிலீஷ் கதை" வாசிக்கிறார்களாம், ஓ.எல். முடியும் வரைக்கும் போனைப் பறிக்கணுமாம். கீழே வரிசையாக "ஆமீன்". அதில் ஒருத்தராவது அந்தக் கதையில் ஒரு பக்கம் வாசித்திருப்பாரா என்பது சந்தேகம். நான் வாசித்தேன். வகுப்பில் புள்ளைகள் குசுகுசுக்கிற புத்தகம் என்னவென்று தெரியாமல் டீச்சராக இருக்க ஏலாது.

கனடாக்காரி எல் கென்னடி 2015இல் எழுதிய 'த டீல்', ஹன்னா கிரேஸ் 2022இல் எழுதிய 'ஐஸ்பிரேக்கர்', இந்த மாதிரிக் கதைகள்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஐஸ் ஹொக்கி கெப்டன், அவனோடு முட்டிமோதி, பிறகு காதலிக்கிற ஒரு மாணவி. ஐஸ் என்றால் ஐஸ்பழம் மட்டும் தெரிந்த பலாபத்வலைப் புள்ளைக்கு ஐஸ் ஹொக்கியில் என்ன இருக்கு என்று யாராவது யோசித்தோமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்களில் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. வயது வந்தவர்களுக்காக எழுதியது. 'ஐஸ்பிரேக்கர்' அட்டையில் கார்ட்டூன் படம் போட்டிருப்பதால் சின்னப்புள்ளைகள் புத்தகம் என்று உம்மாமார் ஏமாறுவார்கள். 13, 14 வயதுப் புள்ளையின் கையில் அது இருப்பதை நான் நியாயப்படுத்த வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் புள்ளைகள் அதுக்காக மட்டும்தான் வாசிக்கிறார்கள் என்பது பெரியவர்களின் கற்பனை. 'த டீல்' கதையே ஒரு பரீட்சைப் பேப்பரில்தான் தொடங்குகிறது. அவளுக்கு நல்ல மார்க்ஸ், கெப்டன் பெயில். படிப்பித்துத் தா என்று பின்னால் வருகிறான். அவள் முடியாது என்கிறாள், திரும்பவும் முடியாது என்கிறாள். கடைசியில் தனக்கும் ஒரு நன்மை வைத்துப் பேரம் பேசித்தான் ஒத்துக்கொள்கிறாள். 'ஐஸ்பிரேக்கர்'காரி ஐஸில் சறுக்கி நடனமாடும் வீராங்கனை, ஒலிம்பிக் அவள் கனவு. விடுதி, கூட்டாளிமார், இரவு வரைக்கும் பயிற்சி. அவளிடம் கேட்கிறார்கள், அவள் பதில் சொல்கிறாள், அந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்கு. நம்ம புள்ளையை இழுப்பது இதுதான்.

இப்போது நம்ம பக்கம் திரும்புவோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, கல்யாணப் பதிவுக்கு மணமகளின் கையெழுத்து தேவையில்லை. வலீ போட்டால் போதும். மற்றச் சமூகங்களுக்கு 1995இல் திருமண வயது 18 ஆனது. நம்ம சட்டத்தில் ஆகக்குறைந்த வயதே கிடையாது. 12க்குக் கீழே என்றால் காதியாரின் அனுமதி வேணும், அவ்வளவுதான். நீதியரசர் சலீம் மர்சூப் குழுவை 2009இல் போட்டார்கள், அறிக்கை 2018இல் வந்தது. அன்றிலிருந்து கூட்டம் மேல் கூட்டம். ஒரு காகிதத்தில் பெயர் எழுதக்கூட இடம் தராத நாம், கற்பனைக் கதையில் ஒருத்தி "முடியாது" என்று சொல்வதை வாசித்தால் பதறுகிறோம்.

மார்க்கத்தைக் காட்டி வாயடைக்க வேண்டாம். விருப்பமில்லாமல் வாப்பா கட்டிவைத்த கல்யாணத்தை, கன்ஸா பின்த் கிதாம் (ரலி) வந்து முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கு. பிரயாணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் தடவை ஜெயித்தது ஆயிஷா, பிறகொரு தடவை நபியவர்கள். அபூதாவூதில் இருக்கு. கணவனும் மனைவியும் பந்தயம் ஓடிய சம்பவத்தை நம்ம மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?

நாவல் என்றாலே நமக்கு ஆகாது என்பவர்களுக்கும் ஒன்று. தமிழின் முதல் நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எழுதியது பக்கத்துக் கண்டியின் சித்திலெவ்வை.

விளையாட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். வலைப்பந்தில் இலங்கைப் பெண்கள் 2018இலும் 2022இலும் ஆசியச் சம்பியன். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைக் கேட்டால் நம்ம புள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்பில் இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடிய புள்ளை, பத்தாம் வகுப்பில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சான்றிதழ் எழுதுகிறாள். கேட்டால் "வீட்டில் வேணாம் என்றாங்க டீச்சர்". முழுக்கை, முழுக்கால் உடுத்து, பர்தாவோடு, ஆண்கள் இல்லாத நேரத்தில் விளையாட ஏற்பாடு செய்ய ஏலாத அளவுக்கு நம்ம ஊர் ஏழையா? பையன்களின் கிரிக்கெட் டூர்னமென்டுக்கு ஒரே பின்னேரத்தில் காசு சேருதே!

ஓடவேண்டிய வயதில் மூலையில் உட்காரவைத்தோம். அந்த மூலையில் இருந்து ஓடுகிறவளின் கதையை வாசிக்கிறாள். இப்போது அதையும் பறிக்கணுமாம்.

போனைப் பறித்தால் பீடிஎஃப் தாத்தாவின் போனில் வரும், இல்லாவிட்டால் கூட்டாளியின் போனில். பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். பெண்புள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானம், நூலகத்தில் அவர்கள் வயதுக்கேற்ற கதைப்புத்தகத்துக்கு ஒரு அலுமாரி, இந்த இரண்டையும் நான் அங்கே கேட்கப்போகிறேன். எதிர்க்கிறவர்கள் முகத்தைக் காட்டி எதிர்க்கலாம்.

கமெண்டில் ஏசுகிறவர்கள் மேலே உள்ளதை முழுசாக வாசித்துவிட்டு ஏசுங்கள். இதுக்கும் "ஆமீன்" மட்டும் போடுவதென்றால் வேணாம்.