வானத்தின் மீது ஒரு பொய் வழக்கு

கிழக்கிலங்கையின் கரையோரப் பட்டினங்களிலே மாரிதோறும் ஒரு வழக்கு விசாரணையின்றித் தீர்க்கப்படுகின்றது. குற்றவாளி வானம், சாட்சி மழைமானி, தீர்ப்பு ‘இயற்கை அனர்த்தம்’ என்பது. தீர்ப்பு வழங்கப்பட்டதும் உலர் உணவுப் பொதிகள் பங்கிடப்படுகின்றன. பாடசாலைகளிலே தங்கியிருந்தோர் சேறு படிந்த வீடுகளுக்குத் திரும்புகின்றனர். அடுத்த மாரி வரையில் வழக்கேடு மூடப்படுகின்றது. இத்தீர்ப்புப் பிழையானது என்பதையும், அது பிழையாக நிலைப்பதனாலே நன்மையடைவோர் உளர் என்பதையும் நற்பிட்டிமுனையையும் அதன் அயலையும் சான்றாகக் கொண்டு நிறுவுதல் இயலும்.

முதலிலே நிலத்தின் அமைப்பு நோக்கற்பாலது. கடலையொட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் மேட்டிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் இடைவெளியின்றி நெருங்கியுள்ளன. இம்மேட்டுக்கு மேற்கே தாழ்ந்த வயல்வெளிகளும் சதுப்பும் பரந்துள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் நற்பிட்டிமுனை, கல்முனைப் பட்டினத்துக்கும் இத்தாழ்நிலத்துக்கும் இடையிலே அமைந்தது. மேற்கிலிருந்து வரும் நீர் நேரே கடலை அடைய இயலாது. மணல் மேடு அதனைத் தடுக்கும். ஆகவே அது வட்டைகளிலே பரந்து நின்று, தோணாக்கள் வழியாகவும் முகத்துவாரங்கள் வழியாகவும் வாவி வழியாகவும் மெல்ல மெல்ல வடிதல் வேண்டும். வயல்வெளி நெல் விளையும் இடமாக மட்டும் அமையவில்லை. மாரிக்காலத்திலே அது நீர் தங்கிச் செல்லும் மடமாகவும் பயன்பட்டது. மேட்டிலே குடியிருப்பு, பள்ளத்திலே பயிர் என்ற பழைய ஒழுங்கு இவ்வுண்மையை அறிந்தோர் வகுத்ததாகும்.

மழை பெய்யவில்லை என்று எவரும் வாதிடார். 1957 டிசெம்பரிலே வரண்ட வலயம் முழுவதையும் பெருவெள்ளம் மூடியது. 2011 ஜனவரியிலே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மையமாகக் கொண்டு எழுந்த வெள்ளத்தினால் நாட்டிலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்போக நெல் அழுகியது. அடுத்த மாதமே வெள்ளம் மீண்டும் வந்தது. 2024 நவெம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறை நோக்கி மத்ரஸா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியிலே வீதியை மேவிப் பாய்ந்த நீரினால் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் அறுவர் உட்படப் பலர் மாண்டனர். புவியின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயருமாயின் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதம் மேலதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. எனவே கடும் மழை இனி அரிய நிகழ்ச்சியாக இராது. ஆயின் இவ்வுண்மை எதனை வேண்டி நிற்கின்றது? மழை பெருகுமெனில் நீர் தங்கும் இடமும் பெருகுதல் வேண்டும். நடந்ததோ இதற்கு நேர்மாறானது. வானத்தைக் குறை கூறுவோரே நிலத்தை நிரப்பினர்.

நிரப்புதல் என்பதன் பொருளை எளிய கணக்கொன்று உணர்த்தும். ஓர் ஏக்கர் வயலிலே ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் 43,560 கன அடி. ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் லீற்றர். நூறு ஏக்கர் வயல் மூன்றடி உயரத்துக்குக் கிரவல் கொட்டி நிரப்பப்படுமாயின், ஏறத்தாழ முப்பத்தேழு கோடி லீற்றர் நீர் தன் இடத்தை இழக்கின்றது. அந்நீர் மறைந்து விடாது. அயலவனின் முற்றத்துக்குச் செல்லும். மண் வாங்க இயன்றவன் தன் வளவை உயர்த்துகின்றான். அவ்வுயர்ச்சியைக் கண்ட அடுத்தவன் அதனிலும் அரையடி உயர்த்துகின்றான். மண் வாங்க வகையற்ற கூலித் தொழிலாளியின் வளவு குளமாகின்றது. வெள்ளம் எல்லோருக்கும் பொதுவானது என்ற கூற்று இவ்விடத்திலே பொய்த்து விடுகின்றது. ஒருவனுடைய பாதுகாப்பு மற்றொருவனுடைய வெள்ளமாக மாறுவதை இயற்கை என அழைத்தல் சொல்லுக்கும் இழுக்கு, அறிவுக்கும் இழுக்கு.

அவ்வாறாயின் நிரப்பியவர் யாவரும் குற்றவாளிகளோ என்ற வினா எழும். அங்ஙனம் கூறுவது அநீதியாகும். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கீற்றிலே தலைமுறை தலைமுறையாக மக்கள் பெருகினர். நீண்ட யுத்தம் உள்நாட்டுக் காணிகளுக்குச் செல்லும் வழியைப் பலருக்கு அடைத்தது. 2004 டிசெம்பர் 26இலே ஆழிப்பேரலை வந்தபோது நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டம் இழந்தது. அதன் பின்னர் கிழக்கிலே கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு முதலில் அறிவித்தது. கிழக்கே கடல் விரட்டியது. மேற்கே வயல் மட்டுமே எஞ்சியது. மகளுக்குச் சீதனமாக வீடொன்று கொடுத்தாக வேண்டிய தந்தை அவ்வயலின் ஓரத்தை நிரப்பினான். அவனது தேவை மெய்யானது. அத்தேவையை மூலதனமாக்கி, விளைச்சல் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மண் போட்டு, பேர்ச் கணக்கிலே விற்றவர்களின் இலாபமும் மெய்யானதே. முன்னவனைத் தண்டித்து, பின்னவரை மேடையிலே அமர்த்துகின்ற நீதி நீதியாகாது.

சட்டம் இல்லாமையினாலன்று இந்நிலை தோன்றியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடை செய்கின்றது. சட்டம் உண்டு, திணைக்களம் உண்டு, உத்தியோகத்தர் உளர். நிரப்பிய காணிக்கு மின்னிணைப்பும் குழாய்நீரும் வீதியும் மட்டும் தடையின்றிக் கிடைக்கின்றன. வயல் ஒரு திணைக்களத்துக்கு உரியது, வாய்க்கால் மற்றொன்றுக்கு, வீதி வேறோர் அதிகார சபைக்கு, தோணா மாநகர சபைக்கா பிரதேச செயலகத்துக்கா என்பது தெளிவற்றது. சாய்ந்தமருதுத் தோணாவிலே ஆற்றுவாழையும் குப்பையும் மண்டுவதும், வெள்ளம் வந்த பின்னர் இயந்திரம் கொண்டு முகத்துவாரம் வெட்டப்படுவதும் பல்லாண்டுச் சடங்குகளாகி விட்டன. நற்பிட்டிமுனைக்கு அயலிலே, நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதி மாரிதோறும் மூழ்கிப் போக்குவரத்தைத் துண்டித்து வந்தமை சிறுபிள்ளையும் அறிந்ததொன்று. ஆண்டுதோறும் தவறாது நிகழ்வதை ‘எதிர்பாராத அனர்த்தம்’ என அறிக்கையிடுவதற்கு அசாதாரணமான துணிவு வேண்டும்.

பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு மூன்று மறுமொழிகள் வழக்கிலுள்ளன. முதலாவது, கல்லோயாவின் கதவுகளே காரணம் என்பது. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையிலே அமைக்கப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் ஏழு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளக்கூடியது. அதன் நீர் எப்போது, எவ்வளவு விடப்படும் என்பதைக் கீழ்நிலத்து மக்கள் முற்கூட்டியே அறிதல் அவர்தம் உரிமை. அவ்வுரிமையைக் கோருதல் நியாயமே. ஆயினும் மேலிருந்து வரும் நீருக்கு வழிவிட வேண்டிய பள்ளத்தை அடைத்து விட்டுக் கதவை மட்டும் நோவது அரை நியாயம். இரண்டாவது, அயற்சமூகமே காரணம் என்பது. அவர்கள் நிரப்பியதனாலே இவர்கள் மூழ்கினர் என இரு பக்கத்திலும் சொல்லப்படுகின்றது. கல்முனையின் நிருவாக எல்லை குறித்த பிணக்குப் பல்லாண்டாகத் தொடர்கின்றது. அவ்வெல்லைக்கோடுகளை வரைவதிலே செலவிடப்பட்ட உழைப்பிலே நூறிலொரு பங்கேனும் நீரோடும் வழிகளை வரைவதிலே செலவிடப்பட்டிருக்குமாயின் பல வீடுகள் தப்பியிருக்கும். வெள்ளத்துக்கு வாக்காளர் இடாப்புத் தெரியாது. தமிழ்க் குறிச்சியிலே அடைபட்ட வாய்க்கால் முஸ்லிம் குறிச்சியை மூழ்கடிக்கும், மறுதலையும் அவ்வாறே.

மூன்றாவது மறுமொழி, எல்லாம் ஊழ் அல்லது இறைவனின் சோதனை என்பது. இக்கூற்று நம்பிக்கையின் பெயராலே சோம்பலைக் காக்கின்றது. நூஹ் நபியின் வரலாற்றைப் போற்றும் மரபு, வெள்ளம் வருமுன்னரே கப்பல் கட்டப்பட்டதையும் சேர்த்தே போற்றுகின்றது. வைகை பெருகியபோது குடிகள் அனைவருக்கும் கரையடைக்கும் பங்கு அளந்து விடப்பட்டதையும், பங்கைச் செய்யாத கூலியாளாக வந்த இறைவனுக்கே பிரம்படி விழுந்ததையும் திருவிளையாடற் புராணம் கூறும். இரு மரபுகளும் முன்னேற்பாட்டைக் கடமையாக்கின. கடமையைக் கைவிட்டவர் இறைவனைச் சாட்சிக்கு அழைத்தல் தகாது.

இப்போக்கின் முடிவு எங்கே கொண்டு செல்லும் என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2015 டிசெம்பர் 1ஆம் திகதி சென்னை மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாலும் வீதிகளாலும் குப்பை மேட்டாலும் விழுங்கப்பட்டிருந்தது. ஏரிகள் பல வீட்டுத் தொகுதிகளாகியிருந்தன. அடையாறு பெருகி வந்தபோது கொள்ளுமிடம் இருக்கவில்லை. இந்தியக் கணக்காய்வுத் துறையின் அறிக்கையே அதனை மனிதர் உண்டாக்கிய அழிவு என வகைப்படுத்தியது. மாநகரம் பெருஞ்செலவிலே கற்ற பாடத்தைப் பட்டினமொன்று மீண்டும் தன் பிள்ளைகளின் உயிர் கொடுத்துக் கற்க வேண்டுமா என்பதே இங்குள்ள கேள்வி.

செய்ய வேண்டியவை மறைபொருளல்ல. எஞ்சியுள்ள தாழ்நில வயல்களை நிரப்புதல் முற்றாக நிறுத்தப்படல் வேண்டும். சட்டத்தை மீறி விற்றவரே முதலிலே விசாரிக்கப்படல் வேண்டும். தோணாக்களும் வாய்க்கால்களும் அளக்கப்பட்டு எல்லைக்கல் நாட்டப்படல் வேண்டும். தாம்போதிகள் நீரை மறிக்கும் அணைகளாகாது, போதிய கண்கள் கொண்ட பாலங்களாக மாறுதல் வேண்டும். இங்கினியாகலை முதல் முகத்துவாரம் வரையிலே நீரின் வழி முழுவதற்கும் பொறுப்பான ஒரே பொறிமுறை தேவை. அதிலே இரு சமூகத்து விவசாயிகளும் அமர்தல் வேண்டும். காணியற்றோருக்கு மேட்டு நில அரச காணிகளும் மாடி வீடுகளும் வழங்கப்படாத வரையில் நிரப்பாதே என்று கட்டளையிடுதல் வெறும் உபதேசமாகவே முடியும்.

இவற்றுக்கு வேண்டிய அறிவைத் திரட்டுதல் பல்கலைக்கழகங்களின் பணி. வட்டைகளின் பழைய பெயர்களையும், மறைந்த வாய்க்கால்களையும், எந்த ஆண்டு எந்த வீட்டுச் சுவரிலே எவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றது என்பதையும் இன்னும் சொல்லவல்ல முதிய விவசாயிகள் ஊரூராக உளர். அவர்கள் மறையுமுன்னர் அவ்வறிவு வரைபடமாதல் வேண்டும். அவ்வரைபடம் கையிலிருக்கும்போது நிரப்புபவனின் பெயரையும் அனுமதித்தவனின் கையொப்பத்தையும் தேடுதல் கடினமன்று. அன்று வழக்கு மீண்டும் திறக்கப்படும். வானம் சாட்சிக் கூண்டிலே நிற்கும். குற்றவாளிக் கூண்டிலே நிற்க வேண்டியோர் வேறாவர்.